நறுமண எண்ணெய் கல்லீரலைக் காக்குமா? வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் துளசியைப் பற்றி எழுதியபோது அதன் எண்ணெயைக் குறித்து ஒரே ஒரு வரி சேர்த்திருந்தேன். மற்ற பகுதிகள் அனைத்துக்கும் சேர்த்து வந்த கடிதங்களைவிட அந்த ஒரு வரிக்கு வந்தவை அதிகம். அவற்றுள் பெரும்பாலானவை கல்லீரலைப் பற்றியவை என்பதால், இந்த இதழின் பக்கங்களை முழுவதும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். உடல்நலம் பற்றிய செய்திகள் என்பதால் எழுதியவர்களின் பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் குறிப்பிடுகிறேன்.

கும்பகோணம் வாசகி: என் கணவருக்கு வயது 48. ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்புப் படிந்திருப்பதாக வந்திருக்கிறது. உறவினர் ஒருவர் துளசி, ஓமம், கிராம்பு மூன்றின் எண்ணெயும் கலந்த 10 மில்லி புட்டி ஒன்றைக் கொடுத்து, தினமும் வெறும் வயிற்றில் வெந்நீரில் இரண்டு சொட்டு விட்டுக் குடித்தால் கல்லீரல் சுத்தமாகும் என்கிறார். "அத்தியாவசிய எண்ணெய், ஆக்சிஜனேற்றத் தடுப்பான் நிறைந்தது, கல்லீரலைக் காப்பது ஆய்வில் நிரூபிக்கப்பட்டது" என்று புட்டியின் மேல் அச்சிட்டிருக்கிறார்கள். கொடுக்கலாமா?

கொடுக்க வேண்டாம் அம்மா. புட்டியில் இருப்பது போலிச் சரக்கு என்று நான் சொல்லவில்லை; கலப்படமில்லாத எண்ணெயாகவே இருந்தாலும் வேண்டாம் என்கிறேன். காரணத்தைச் சற்று விரிவாகச் சொன்னால்தான் உறவினருக்கு நீங்கள் பதில் சொல்ல முடியும்.

முதலில் அந்த "அத்தியாவசிய" என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். எசென்ஷியல் ஆயில் என்று ஆங்கிலத்தில் வழங்குவது, செடியின் எசென்ஸ், அதாவது மணச்சாரம் அடங்கிய எண்ணெய் என்ற பொருளில்தான். அதை யாரோ அகராதியைப் புரட்டி "அத்தியாவசியம்" என்று பெயர்த்துவிட்டதால், உடம்புக்கு இன்றியமையாத ஏதோ ஒன்று என்ற எண்ணம் வாங்குபவர் மனத்தில் படிந்துவிடுகிறது. நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் போன்ற கொழுப்பும் அல்ல அது. நல்லெண்ணெய் ஒரு சொட்டு காகிதத்தில் விழுந்தால் கறை நிற்கும். துளசி எண்ணெய் விழுந்தால் சற்று நேரத்தில் பறந்துபோகும். இலையையோ விதையையோ நீராவியில் வேகவைக்கும்போது, அந்த ஆவியோடு சேர்ந்து கிளம்பி, குளிர்ந்ததும் தண்ணீரிலிருந்து பிரிந்து நிற்கும் பொருள்களின் கலவைதான் நறுமண எண்ணெய். பெரும்பாலானவை தண்ணீரின் மேலே மிதக்கும். கிராம்பு எண்ணெய் அடியில் தங்கும். சித்த மருத்துவர்கள் வாலை என்று சொல்லும் வடிகலன் செய்வதும் இதே வேலையைத்தான். ஒரு கிலோ பச்சைத் துளசியை வடித்தால் ஒன்று அல்லது இரண்டு மில்லி கிடைக்கும். ஆகவே இரண்டு சொட்டு என்பது ஏறத்தாழ ஐம்பது கிராம் இலைக்குச் சமம். பெருமாள் கோயிலில் தீர்த்தத்தோடு கொடுக்கும் நாலைந்து இலையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்தது "ஆய்வில் நிரூபிக்கப்பட்டது" என்ற தொடர். இது முழுப் பொய்யும் அல்ல, முழு உண்மையும் அல்ல. இத்தகைய ஆய்வுகள் பெரும்பாலும் இரண்டு படிகளில் நடக்கின்றன. முதற்படி, ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் திறனை அளப்பது. அதில் டி.பி.பி.எச். என்ற ஊதா நிறப் பொருளை மெத்தனாலில் கரைத்து, அதில் எண்ணெயைச் சேர்த்து, அரைமணி நேரத்தில் அந்த ஊதா எவ்வளவு வெளிறி மஞ்சளாகிறது என்று 517 நானோமீட்டர் அலைநீள ஒளியில் அளப்பார்கள். கல்லூரியில் பணியாற்றிய காலத்தில் மாணவர்களிடம் இந்தச் சோதனையைப் பலமுறை செய்யக் கொடுத்திருக்கிறேன். கிராம்பு எண்ணெய்க்கு நிறம் சட்டென்று மாறும், உண்மைதான். ஆனால் உங்கள் வீட்டுக் காபி டிகாக்ஷனைச் சில சொட்டுகள் விட்டாலும் மாறும். நம் உடம்புக்குள் டி.பி.பி.எச். என்ற பொருளே கிடையாது. ஒரு பொருளால் ஹைட்ரஜன் அணுவை எளிதில் விட்டுக்கொடுக்க முடியுமா என்று மட்டுமே அந்தச் சோதனை சொல்கிறது.

இரண்டாவது படி எலிகளில் நடப்பது. கார்பன் டெட்ராகுளோரைடு என்ற திரவத்தை எலிக்குச் செலுத்துவார்கள். ஒரு காலத்தில் சலவைக்கடைகளிலும் தீயணைப்பான்களிலும் பயன்படுத்தி, நச்சு என்று கைவிடப்பட்ட திரவம் அது. கல்லீரலில் உள்ள சைட்டோகுரோம் 2இ1 என்ற நொதி அதை உடைக்கும்போது டிரைகுளோரோமெத்தில் என்ற ஃப்ரீ ராடிக்கல், அதாவது துணையில்லாத எலக்ட்ரானோடு அலைந்து பக்கத்தில் உள்ளதைத் தாக்கும் துகள், பிறக்கிறது. அது செல்லின் சவ்வில் உள்ள கொழுப்பைத் தாக்கி, ஒன்றிலிருந்து ஒன்றாகச் சங்கிலிபோல் அழிவைப் பரப்புகிறது. செல் உடைந்ததும் உள்ளிருந்த ஏ.எல்.டி., ஏ.எஸ்.டி. நொதிகள் இரத்தத்தில் கசிகின்றன. உங்கள் கணவரின் இரத்தப் பரிசோதனைத் தாளில் எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி. என்று அச்சிட்டிருப்பவையும் இவைதாம். எண்ணெய் கொடுத்த எலிகளில் இந்த அளவு குறைவாக ஏறினால், "கல்லீரலைக் காக்கிறது" என்று முடிவு எழுதப்படும்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. விளம்பரம் எழுதுபவர்கள் அதைத் தொடுவதே இல்லை. இச்சோதனைகள் பலவற்றில் எண்ணெயை நஞ்சுக்கு முன்பே பல நாள் கொடுத்துவிடுகிறார்கள். அந்த எண்ணெய் மேற்சொன்ன நொதியை மட்டுப்படுத்தினாலே போதும், கார்பன் டெட்ராகுளோரைடு உடைவது குறையும், ராடிக்கல் குறைவாகப் பிறக்கும், எலி தப்பிக்கும். பூண்டில் உள்ள ஒரு கந்தகச் சேர்மம் இந்த நொதியைத் தடுப்பது நன்கு அறியப்பட்டது. அதாவது எண்ணெய் கல்லீரலுக்கு வலிமை சேர்த்ததா, அல்லது நஞ்சு தயாராகும் அடுப்பை அணைத்ததா என்று பிரித்துப் பார்க்காமல் "பாதுகாப்பு" என்று சொல்வது அவசரம். உங்கள் கணவர் கார்பன் டெட்ராகுளோரைடு குடிக்கவில்லை. அவருடைய கல்லீரலில் கொழுப்புச் சேர்ந்ததற்கு உடல் எடை, இன்சுலின் சரிவர வேலை செய்யாமை, உட்கார்ந்தே செய்யும் வேலை, ஒருவேளை மது ஆகியவை காரணமாக இருக்கலாம். காரணம் வேறு, சோதனை வேறு.

இன்னொன்றும் கவனிக்க வேண்டியது. கல்லீரல் தனக்குத் தேவையான காவலை வெளியிலிருந்து வாங்குவதில்லை. குளூட்டாதயோன் என்ற பொருளைத் தானே தயாரித்து, உடம்பில் வேறெங்கும் இல்லாத அளவுக்குச் சேர்த்து வைத்திருக்கிறது. இரண்டு சொட்டு எண்ணெய் அந்தக் கையிருப்போடு எதையும் பெரிதாகக் கூட்டப்போவதில்லை. மாறாக, குடித்த எண்ணெயைச் செரித்து வெளியேற்றும் வேலையும் அதே கல்லீரலின் தலையில்தான் விழும். துளசியின் சில வகைகளில், கிராம்பிலும் உள்ள யூஜினால் என்ற மணப்பொருளைவிட அதன் உறவான மெத்தில் யூஜினால் மிகுதி. 2023ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மெத்தில் யூஜினாலை "மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் விளைவிக்கக்கூடியது" என்ற 2ஏ பிரிவில் சேர்த்திருக்கிறது. ரசத்திலோ கஷாயத்திலோ போடும் இலைக்காகப் பயப்பட வேண்டியதில்லை; மாதக்கணக்கில் தினமும் எண்ணெயாகக் குடிப்பதுதான் கவலைக்குரியது.

கல்லீரல் கொழுப்புக்கு உண்மையில் பயன் தருவது எது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். உடல் எடையில் 5 விழுக்காடு குறைந்தாலே கொழுப்புக் குறையத் தொடங்கும். 7 முதல் 10 விழுக்காடு குறைந்தால் அழற்சியும் தணியும். 80 கிலோ உள்ளவருக்கு அது ஆறு முதல் எட்டு கிலோ. இரவு உணவில் சோற்றின் அளவைக் குறைப்பது, மாலையில் வேகமாக நடப்பது, மது இருந்தால் விடுவது ஆகிய மூன்றும் அந்தப் புட்டியைவிட மலிவு. காபி குடிப்பவர்களிடம் கல்லீரல் தழும்பு குறைவாக இருப்பதாகப் பல கணக்கெடுப்புகளில் தெரிகிறது. ஆனால் அது கும்பகோணம் டிகிரி காபியில் மூன்று கரண்டி சர்க்கரை போட்டுக் குடிப்பதற்கான அனுமதிச்சீட்டு அல்ல.

தஞ்சாவூர் கல்லூரி மாணவர்: ஓர் ஆய்வில் எலிகளுக்குக் கிலோவுக்கு 200 மில்லிகிராம் எண்ணெய் கொடுத்துப் பயன் கண்டதாகப் படித்தேன். இதை மனிதருக்கு எப்படிக் கணக்கிடுவது? ஐ.சி.50 என்ற எண் அதிகமாக இருந்தால் எண்ணெய் வீரியமானது என்று பொருளா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், தம்பி. அது தலைகீழ். ஐ.சி.50 என்பது, மேலே சொன்ன ஊதா நிறச் சோதனை போன்றவற்றில், ராடிக்கல்களில் பாதியை அடக்கத் தேவைப்படும் அளவு. எண் சிறியதாக இருந்தால்தான் வீரியம் அதிகம். பெரிய எண்ணைப் பெருமையாக அச்சிட்டிருந்த ஒரு துண்டுப்பிரசுரத்தை நானே பார்த்திருக்கிறேன்.

அளவுக் கணக்கு சுவையானது. எலியின் உடம்பு சிறியது, அதன் வளர்சிதைமாற்றம் வேகமானது. ஆகவே கிலோ கணக்கை அப்படியே மனிதருக்குப் பெருக்கக்கூடாது. ஆய்வுக்கூட எலியின் அளவை 6.2ஆல் வகுத்து மனித அளவை மதிப்பிடுவது மருந்தியலில் வழக்கம். 200 மில்லிகிராமை 6.2ஆல் வகுத்தால் கிலோவுக்குச் சுமார் 32 மில்லிகிராம். 60 கிலோ உள்ளவருக்கு ஏறத்தாழ 1,900 மில்லிகிராம், அதாவது நாளொன்றுக்கு இரண்டு மில்லி. சொட்டுக் கணக்கில் ஐம்பதுக்கு மேல். கும்பகோணம் அம்மாவின் உறவினர் சொல்லும் இரண்டு சொட்டு இதன் அருகில்கூட வரவில்லை.

அப்படியானால் ஐம்பது சொட்டு குடித்தால் ஆயிற்று என்று யாரும் கிளம்பிவிடக்கூடாது. உணவுச் சேர்பொருள்களுக்கான பன்னாட்டு வல்லுநர் குழு யூஜினாலுக்கு வைத்திருக்கும் அன்றாட வரம்பு, உடல் எடை கிலோவுக்கு 2.5 மில்லிகிராம். 60 கிலோவுக்கு அது 150 மில்லிகிராம். கிராம்பு எண்ணெயில் நூற்றுக்கு எழுபது முதல் தொண்ணூறு பங்கு யூஜினால் என்பதால், எலியில் பயன் தந்த அளவை மனிதருக்கு மாற்றும்போது பாதுகாப்பு வரம்பை ஏறத்தாழப் பத்து மடங்கு நாம் தாண்டிவிடுகிறோம். பயன் தருவதாகச் சொல்லும் அளவு ஒரு கரையிலும், தீங்கில்லாத அளவு மறு கரையிலும் நிற்கின்றன. இந்த எண்ணெய்களில் எதுவும் இதுவரை கல்லீரல் மருந்தாகாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. அடுத்த முறை ஆய்வுக்கட்டுரை ஒன்றைப் படிக்கும்போது முடிவுரையை விட்டுவிட்டு, எந்த அளவு, எத்தனை நாள், நஞ்சுக்கு முன்பா பின்பா என்ற மூன்றையும் தேடிப் பாருங்கள்.

திருவையாறு ஆசிரியை: கிராம்பு எண்ணெயும் ஓம எண்ணெயும் ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பவை, ஆனால் யூகலிப்டஸ் எண்ணெய்க்கு அந்தத் திறன் குறைவு என்கிறார்கள். எல்லாமே மணமுள்ள எண்ணெய்தானே? மாணவிகளுக்கு எளிதாக விளக்க வழி உண்டா?

வெண்ணெய் உருக்கும் சட்டியிலிருந்து தொடங்குங்கள். நெய் பதமாகும்போது நம் வீடுகளில் ஒரு கொத்து முருங்கைக்கீரையோ, கறிவேப்பிலையோ, கிள்ளிய வெற்றிலையோ போடுவார்கள். மணத்துக்காக என்றுதான் என் பாட்டி சொல்வார். ஆனால் வெற்றிலையும் கறிவேப்பிலையும் போட்டுக் காய்ச்சிய நெய் சிக்கு வாடை அடிக்க அதிக நாள் ஆகிறது என்பது ஆய்வுக்கூடத்திலும் சோதித்துப் பார்க்கப்பட்டது. நெய் கெடுவது ஒரு சங்கிலி வினை: ஒரு கொழுப்பு மூலக்கூறு ஹைட்ரஜனை இழந்து ராடிக்கலாகிறது; ஆக்சிஜனை வாங்கிக்கொள்கிறது; பக்கத்து மூலக்கூறிடமிருந்து ஹைட்ரஜனைப் பறிக்கிறது; பறிகொடுத்தது அடுத்ததைப் பறிக்கிறது. நடுவில் ஒருவர் தன் ஹைட்ரஜனைத் தானாகக் கொடுத்துவிட்டு, அதன் பிறகு யாரிடமும் பறிக்காமல் அமைதியாக இருந்தால் சங்கிலி அறுந்துவிடும்.

பீனால் என்ற அமைப்பு உள்ள மூலக்கூறுகளுக்கு அந்தப் பொறுமை உண்டு. கிராம்பின் யூஜினால், ஓமத்தின் தைமால், கற்பூரவல்லியின் கார்வக்ரால் ஆகிய மூன்றும் பீனால் வகையைச் சேர்ந்தவை. ஹைட்ரஜனை இழந்த பிறகும் மீந்த எலக்ட்ரானை வளையம் முழுவதும் பரப்பிவைத்து அவை நிலைகொள்கின்றன. யூகலிப்டஸ் எண்ணெயின் முக்கியப் பொருளான சினியோலில் அந்த வளையமும் இல்லை, கொடுப்பதற்கு அத்தகைய ஹைட்ரஜனும் இல்லை. மணம் இருப்பதற்கும் இந்தத் திறனுக்கும் தொடர்பில்லை. ஒன்றை மட்டும் மாணவிகளிடம் மறக்காமல் சொல்லுங்கள்: வெற்றிலை காத்தது சட்டியில் உள்ள நெய்யை, அந்த நெய்யைச் சாப்பிட்டவரின் கல்லீரலை அல்ல. யூஜினாலே கூட அளவு மிகுந்தால், ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டும் பொருளாக மாறிவிடும்.

பண்டாரவாடை விவசாயி: எங்கள் கொடிக்கால் வெற்றிலைக்கு இப்போது புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. விலை படுத்துப்போகும் நாட்களில் இலை வீணாகிறது. வெற்றிலை எண்ணெய் கல்லீரலுக்கு நல்லது என்று சொல்லி விற்க முடியுமா?

கும்பகோணம் வெற்றிலைக்கு 2025இல் புவிசார் குறியீடு கிடைத்ததில் எனக்கும் மகிழ்ச்சி, ஐயா. எண்ணெய் எடுக்கும் யோசனை மிக நல்லது. கரக்பூர் ஐ.ஐ.டி.யில் வெற்றிலை எண்ணெய் வடிப்பதற்கென்றே கருவி உருவாக்கி, வீணாகும் இலைக்கு அதுவே வழி என்று பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். ஆனால் கல்லீரலின் பெயரைச் சொல்லி விற்காதீர்கள்.

வெற்றிலையில் ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பதில் பெயர் பெற்ற பொருள் ஹைட்ராக்சிசாவிகால். இலையை அரைத்தோ சாறு பிழிந்தோ எடுத்தால் அது நன்றாகக் கிடைக்கும். நீராவியோடு அவ்வளவாக வராது. எண்ணெயில் வருபவை சாவிபெடால், யூஜினால் போன்றவை. வகையைப் பொறுத்துச் சாஃப்ரோலும் வரும். சாஃப்ரோல் எலிகளின் கல்லீரலில் புற்றுக்கட்டியை உண்டாக்கியது தெரிந்ததும், 1960இலேயே அமெரிக்கா அதை உணவில் சேர்ப்பதற்குத் தடை விதித்தது. கல்லீரலுக்கு நல்லது என்று சொல்லப் புறப்பட்ட எண்ணெய்க்குள்ளேயே கல்லீரலுக்கு ஆகாத பொருள் இருக்கலாம் என்பதால், எந்தத் தோட்டத்து எண்ணெயையும், எந்தப் பொருள் எவ்வளவு என்று பிரித்துக்காட்டும் கேஸ் குரோமடோகிராபி சோதனையில் அளந்து பார்க்காமல் விற்கக்கூடாது. பற்பசை, வாய் கொப்பளிக்கும் திரவம், வாசனைத் திரவியம் போன்றவற்றில் சந்தை இருக்கிறது, அங்கே போங்கள்.

இதைப் படித்துவிட்டு வெற்றிலை போடுவது நல்லதா கெட்டதா என்று வேறொருவர் எழுதுவார் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன். புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கோடு சேர்ந்த தாம்பூலம் புற்றுநோய் தருவது என்று 2004இல் முடிவானது. அதில் முதல் குற்றவாளி பாக்கு; வெற்றிலை அல்ல.

திருத்துறைப்பூண்டி வாசகர்: மஞ்சள்காமாலைக்குக் கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுப்பது எங்கள் வழக்கம். இப்போது கீழாநெல்லி எசென்ஷியல் ஆயில் என்றே புட்டியில் வருகிறது. இலையைவிட அது வீரியமானதா?

இல்லை. கல்லீரல் மூலிகை என்று நாம் கொண்டாடும் செடிகளின் பெயர்பெற்ற பொருள்களில் பெரும்பாலானவை நீராவியில் ஏறி வரமாட்டா. கீழாநெல்லியின் ஃபிலாந்தின், கரிசலாங்கண்ணியின் வெடலோலாக்டோன், நிலவேம்பின் ஆண்ட்ரோகிராஃபோலைடு, மஞ்சளின் குர்குமின் ஆகிய எதற்கும் பறக்கும் குணம் கிடையாது. வாலையில் வைத்து வடித்தால் அவை சக்கையோடு கலனிலேயே தங்கிவிடும். புட்டிக்குள் வருவது வேறு. மஞ்சள் எண்ணெயின் மேல் "குர்குமின் நிறைந்தது" என்று எழுதியிருந்தால், எழுதியவருக்கு வேதியியல் தெரியாது, அல்லது வாங்குபவருக்குத் தெரியாது என்று அவர் நம்புகிறார். கீழாநெல்லியை நல்லெண்ணெயில் காய்ச்சி எடுக்கும் தலைத்தைலம் முற்றிலும் வேறு பொருள். அதை நறுமண எண்ணெயோடு குழப்பிக்கொள்ளக்கூடாது.

இலைக்கு மதிப்பு உண்டா என்பது நியாயமான கேள்வி. 1988இல் சென்னையில் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்குடன் இணைந்து, லான்செட் மருத்துவ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அந்த வைரஸை உடம்பில் சுமந்திருந்தவர்களுக்கு ஒரு மாதம் கீழாநெல்லிப் பொடி கொடுத்ததில், 37 பேரில் 22 பேருக்கு இரத்தத்திலிருந்து வைரஸின் அடையாளம் மறைந்தது. மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிற நாடுகளில் திரும்பச் செய்தபோது அந்த அளவு பயன் கிடைக்கவில்லை. நம் மண்ணின் செடி என்பதால் முதல் பாதியை மட்டும் சொல்லி நிறுத்த எனக்கும் ஆசைதான். இரண்டாம் பாதியும் அதே கதையின் பகுதி.

வயல் வரப்புக் கீழாநெல்லியின் புகழுக்கு இன்னொரு காரணமும் உண்டு. வாய்க்கால் தண்ணீர் குடிநீரில் கலக்கும் மழைக்காலங்களில் வரும் காமாலையில் பெரும்பகுதி ஹெபடைடிஸ் ஏ அல்லது ஈ. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் அது தானே ஆறிவிடும். அந்த வாரங்களில் எதைக் கொடுத்திருந்தாலும் பெயர் அதற்குப் போய்விடும். மோரில் கீழாநெல்லி கொடுப்பதற்காக நான் யாரோடும் சண்டைக்குப் போவதில்லை. ஆனால் கர்ப்பிணிக்குக் காமாலை என்றால் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். ஹெபடைடிஸ் ஈ கடைசி மாதங்களில் ஐந்தில் ஒரு தாயைப் பலிவாங்கக்கூடியது. தூக்கக் கலக்கம், உளறல், இரத்தக் கசிவு ஆகியவை யாருக்குத் தெரிந்தாலும் அப்படியே.

மன்னார்குடி வாசகர்: காசநோய்க்கு ஆறு மாத மருந்து சாப்பிட்டு வருகிறேன். அந்த மருந்து கல்லீரலைப் பாதிக்கும் என்பதால், பாதுகாப்புக்கு ஓம எண்ணெய் சேர்த்துக்கொள்ளலாமா?

சேர்க்காதீர்கள். ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு மூன்றும் கல்லீரலைத் தொடக்கூடியவை என்பது உண்மை. அதற்காகத்தான் இரத்தப் பரிசோதனை செய்கிறார்கள். இடையில் நீங்கள் இன்னொரு பொருளைச் சேர்த்து நொதி அளவு ஏறினால், எதனால் ஏறியது என்று மருத்துவருக்குத் தெரியாமல் போகும்; நல்ல மருந்தை நிறுத்த வேண்டிவரும். "இயற்கையானது, ஒன்றும் செய்யாது" என்ற நம்பிக்கையோடு கொரோனா காலத்தில் சீந்தில் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததை மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவு செய்தார்கள். பசியின்மை, வாந்தி, சிறுநீர் மஞ்சளாகப் போவது ஆகியவை தெரிந்தால் அன்றே மருந்து கொடுக்கும் மையத்துக்குப் போங்கள். நீங்களாக மருந்தை நிறுத்தவும் வேண்டாம்.

நாகப்பட்டினம் வாசகர்: உங்கள் எழுத்து முன்னோர் மருத்துவத்தை இழிவுபடுத்துகிறது. ஓமத்தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள் நாம். கோயில் தீர்த்தத்தில் பச்சைக் கற்பூரம் போடுகிறார்கள். யாருடைய கல்லீரல் கெட்டுப்போயிற்று?

யாருடையதும் கெடவில்லை, ஐயா. நான் சொல்வதற்கு நீங்களே சான்று தந்துவிட்டீர்கள். தைமால் தண்ணீரில் லிட்டருக்கு ஒரு கிராம் அளவுக்குத்தான் கரையும். அதற்கு மேல் கரைய மறுக்கும். ஆகவே ஒரு கரண்டி ஓமத்தண்ணீரில் எவ்வளவு முயன்றாலும் சில மில்லிகிராமுக்கு மேல் இருக்க முடியாது. முன்னோர் தீநீராக வடித்து அந்தத் தண்ணீரைக் குடிக்கச் சொன்னார்கள். மேலே மிதக்கும் எண்ணெயைத் தினமும் வெறும் வயிற்றில் குடிக்கச் சொல்வது அவர்கள் வழக்கம் அல்ல, புட்டி விற்பவர்களின் வழக்கம். தீர்த்தத்தில் கற்பூரம் சிட்டிகையில் ஒரு பங்கு. அதே கற்பூரம் ஒரு கிராம் அளவுக்குச் சிறு குழந்தையின் வயிற்றுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

முன்னோர் என்றதும் தஞ்சை நினைவுக்கு வருகிறது. இரண்டாம் சரபோஜி மன்னர் நடத்திய தன்வந்திரி மகாலில் சித்தம், ஆயுர்வேதம், யுனானி, ஆங்கில மருத்துவம் என்று எல்லா முறை மருத்துவர்களும் ஒரே கூரையின் கீழ் மருந்துகளைச் சோதித்தார்கள். நோயாளிகளைப் பற்றிய குறிப்புகளை எழுதிவைத்தார்கள். எந்த மருந்து யாருக்கு என்ன செய்தது என்று எழுதி வைத்துப் பார்ப்பதை மேல்நாட்டிலிருந்து நேற்று வந்த வழக்கம் என்று நினைப்பவர்களுக்கு, டெல்டாவிலேயே இருநூறு ஆண்டுக்கு முந்தைய முன்மாதிரி இருக்கிறது. அந்தப் புட்டிக்காரரிடம் அப்படி ஒரு குறிப்பேட்டைக் கேட்டுப் பாருங்கள்.

மயிலாடுதுறை வாசகி: பல்வலிக்கு வாங்கி வைத்திருந்த கிராம்பு எண்ணெயை என் இரண்டு வயதுப் பேரன் வாயில் வைத்துவிட்டான். உடனே துடைத்துவிட்டோம், ஒன்றும் ஆகவில்லை. விழுங்கியிருந்தால் என்ன செய்ய வேண்டும்?

வாந்தி எடுக்க வைக்கக்கூடாது. இதுதான் முதல் செய்தி. எண்ணெய் மூச்சுக்குழாய்க்குள் போனால் நுரையீரல் அழற்சி வரும். உப்புத்தண்ணீர், பால், புளிக்கரைசல் எதுவும் வேண்டாம். புட்டியையும் கையில் எடுத்துக்கொண்டு 108ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஐந்து முதல் பத்து மில்லி கிராம்பு எண்ணெய் குடித்த இரண்டு வயதுக் குழந்தை ஆழ்ந்த மயக்கம், வலிப்பு, கல்லீரல் பாதிப்பு ஆகியவற்றுக்கு ஆளாகி, தீவிர சிகிச்சைக்குப் பின் பிழைத்தது மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. பாராசிட்டமால் மிகையாகும்போது கல்லீரல் எப்படிப் பாதிக்கப்படுகிறதோ, ஏறத்தாழ அதே வழியில்தான் இதுவும் நடக்கிறது: குளூட்டாதயோன் தீர்ந்துபோகிறது, செல்கள் மடிகின்றன. அதனால்தான் பாராசிட்டமாலுக்கு மாற்றுமருந்தான அசிட்டைல்சிஸ்டீனையே இத்தகைய குழந்தைகளுக்கும் கொடுத்திருக்கிறார்கள். சோதனைக்குழாயில் பரிசு வாங்கும் அதே யூஜினால்தான் இது. நீலகிரித் தைலத்தை விழுங்கினால் கல்லீரலுக்கு முன் மூளை பாதிக்கப்படும். அரைமணி நேரத்துக்குள்ளேயே மயக்கமும் வலிப்பும் வரலாம். புட்டியை எட்டாத உயரத்தில், மாத்திரைகளோடு வையுங்கள். சாமி மாடத்தில் வேண்டாம்.

வேதாரண்யம் வாசகர்: மணல் நிலத்தில் வெட்டிவேர் போட்டிருக்கிறோம். அதன் எண்ணெய்க்கும் இந்தக் குணங்கள் உண்டா?

சோதனைக்குழாயில் ஓரளவு உண்டு. ஆனால் வெட்டிவேர் எண்ணெய் உலகச் சந்தையில் விலைபோவது அதன் மணம் நீடித்து நிற்பதால். மற்ற மணங்களைப் பிடித்து வைக்கும் அடிமணம் என்று வாசனைத் திரவியம் செய்பவர்கள் தேடி வாங்குகிறார்கள். வேரைப் பல மணி நேரம் நிதானமாக வடிக்க வேண்டும். அவசரப்பட்டால் நல்ல பகுதி கலனிலேயே நின்றுவிடும். கல்லீரல் பேச்சு உங்களுக்குத் தேவையே இல்லை.

திருவாரூர் வாசகி: மூக்கடைப்புக்கு யூகலிப்டஸ் எண்ணெய் விட்டு ஆவி பிடிப்பேன். இவ்வளவையும் படித்தால் பயமாக இருக்கிறது. அதுவும் கல்லீரலைக் கெடுக்குமா?

பெரியவர்கள் எப்போதாவது ஆவி பிடிப்பதில் உடம்புக்குள் போகும் எண்ணெயின் அளவு மிகவும் குறைவு. கல்லீரலுக்காகப் பயப்பட வேண்டாம். அதில் உண்மையான ஆபத்து கொதிக்கும் தண்ணீர்தான். பாத்திரத்தை மடியிலோ கட்டிலின் மேலோ வைக்காமல் தரையில் அசையாதபடி வைத்துப் பிடியுங்கள். சிறு குழந்தைகளுக்கு அந்த எண்ணெயை மூக்கருகில் தடவவும் வேண்டாம், அவர்களுக்கு ஆவி பிடிக்க வைக்கவும் வேண்டாம்.